ஒரு தசை அசைந்தால் போதும்

கணினியை இயக்கப் பத்து விரல்கள் தேவையில்லை. பக்கவாதம், தண்டுவடக் காயம், தசைச் சிதைவு நோய் போன்றவற்றால் கை வழங்காதவர்களும், தாம் நினைத்தபடி அசைக்கக்கூடிய ஒரு தசை மிஞ்சியிருந்தால் எழுதவும் படிக்கவும் வேலை செய்யவும் முடியும்.

குறைபாடு சிறிதென்றால் கூடுதல் கருவியே வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வரும் ‘ஸ்டிக்கி கீஸ்’ அறிவிப்பைப் பலரும் தொல்லை என்று மூடிவிடுகிறார்கள். ஒரு விரலால் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு அதுதான் துணை: கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுங்குவோருக்காக, தவறிப்பட்ட தட்டல்களைப் புறக்கணிக்கும் ‘ஃபில்டர் கீஸ்’ இருக்கிறது.

கைகளே அசையாதபோது குரல் உதவும். ஆனால் இதே நோய்களில் சில பேச்சையும் குலைத்துவிடுகின்றன. அவர்களுக்குக் கண் கைகொடுக்கும். கண்ணசைவுக் கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்மீது பாய்ச்சி, அது கருவிழியில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு பார்வை விழும் இடத்தைக் கணிக்கிறது. பார்த்ததெல்லாம் ‘கிளிக்’ ஆகிவிடக் கூடாதே! அதனால் ஓரிடத்தில் பார்வை சற்று நேரம் நிலைத்தால்தான் அது தேர்வாகும்.

இவை எதுவும் ஒத்துவராதவருக்கு ஒற்றைப் பொத்தான். திரையிலுள்ள எழுத்துக் கட்டங்களில் ஒளி வரிசை வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அழுத்து. அந்த வரிசைக்குள் வேண்டிய எழுத்து வந்ததும் இன்னொரு அழுத்து. தலையாலோ காலாலோ அழுத்தலாம். குழாயில் ஊதியும் உறிஞ்சியும்கூட இயக்கலாம்.

இதில் விலை நேரம்தான். 1985-இல் மூச்சுக்குழாய் அறுவைச் சிகிச்சையால் பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், கைப்பொத்தானைக் கொண்டு நிமிடத்துக்குச் சுமார் 15 சொற்கள் எழுதினார். கை சோர்ந்தபின் கன்னத்தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி படித்தது. வேகம் நிமிடத்துக்கு ஓரிரு சொற்களாகச் சுருங்கியது. இன்டெல் பொறியாளர்கள் தசையை விட்டுவிட்டு மென்பொருளைத் திருத்தினார்கள். ஓரிரு எழுத்துகளிலேயே சொல்லை ஊகிக்கும் வசதியை மேம்படுத்தியதும் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. ‘ஏகேட்’ எனும் அந்த மென்பொருள் 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

ஒற்றைப் பொத்தான் முறையில், தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் போட்டால் ஒளி சுற்றிவருவதற்குள் பொறுமை போய்விடும். தமிழ்99 விசைப்பலகையைப் போல உயிரையும் மெய்யையும் தனித்தனியே வைத்தால், ஆய்தத்தோடு 31 கட்டங்களில் முடிந்துவிடும். பதிலுக்கு, ‘கா’ என்று எழுத இரண்டு தேர்வுகள் ஆகும்.