நெய்யை முறுக விடாதீர்கள்: கெட்டுப்போன கொலஸ்ட்ரால் இதயத்துக்கு ஆகாது

கறவை மாடு உள்ள வீடுகளில், விற்றது போக மீந்த பாலைத் தோய்த்து, வெண்ணெய் எடுத்து, சேர்ந்ததும் நெய் உருக்குவது வழக்கம். அந்த நெய் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகிறது, விற்பனைக்கும் போகிறது. அதை எந்தச் சூட்டில் உருக்குகிறீர்கள், எப்படி வைக்கிறீர்கள் என்பதில் சாப்பிடுபவர்களின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது.

பால், நெய், முட்டை மஞ்சள் கரு, இறைச்சி, மீன் ஆகியவற்றில் கொலஸ்ட்ரால் உண்டு. நம் கல்லீரலும் அதைத் தயாரிக்கிறது. உடலுக்கு அது தேவை. ஆனால் அதிக சூடு, வெளிச்சம், காற்று பட்டால் கொலஸ்ட்ரால் ஆக்சிஜனுடன் சேர்ந்து மாறிவிடுகிறது. இரும்பு துருப்பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாறிய பொருட்களை ஆக்ஸிஸ்டீரால்கள் என்கிறார்கள். பித்தநீர் உற்பத்திக்காக உடலே இவற்றில் சிலவற்றைச் சிறிதளவு உண்டாக்கிக்கொள்கிறது. அளவு மீறும்போதுதான் தொல்லை. ரத்தக் குழாயின் உட்சுவரை இவை பாதிக்கின்றன. மாரடைப்புக்குக் காரணமான கொழுப்புப் படிவுகளில் 7-கீட்டோகொலஸ்ட்ரால் என்ற வகை நிறையக் காணப்படுகிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் ரத்தப் பரிசோதனையில் இவை தெரிவதில்லை.

1987-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நெய்யில் உள்ள ஸ்டீரால்களில் 12.3 சதவீதம் இப்படி மாறியிருந்ததாகவும், புது வெண்ணெயில் அப்படி இல்லை என்றும் அது சொன்னது. வெளிநாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்கு இதயநோய் அதிகம் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அதற்காக நெய்யே விஷம் என்று பயந்துவிட வேண்டாம். அளவான சூட்டில் புதிதாக உருக்கிய நெய்யில் இவை மிகக் குறைவு என்றும், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போதுதான் கூடுகின்றன என்றும் பிறகு நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆக, பக்குவம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடி கனமான பாத்திரத்தில் மிதமான தீயில் உருக்குங்கள். முதலில் பெரிய குமிழ்களுடன் நுரைத்து, சடசடவென்று சத்தம் வரும். வெண்ணெயில் உள்ள தண்ணீர் வற்றுகிற சத்தம் அது. சத்தம் அடங்கியதும் சூடு சட்டென்று ஏறும். இந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். பொடி நுரை கட்டி, அடியில் கசடு இளம் பழுப்பாகும்போது இறக்கிவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் போதும். கசடு கருகினால் மணம் தூக்கலாக இருக்கும் என்று சிலர் முறுக விடுகிறார்கள், அது தவறு. முருங்கை இலை, கறிவேப்பிலை, வெற்றிலை போடுவது நல்ல வழக்கம். கறிவேப்பிலையும் வெற்றிலையும் நெய் சீக்கிரம் காறாமல் காப்பது ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

வடிகட்டிய நெய்யை ஈரமில்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் விளிம்பு வரை நிரப்பி, வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். செம்பு நெய்யைச் சீக்கிரம் கெடுக்கும். பழைய நெய்யின் மிச்சத்தில் புது நெய்யை ஊற்றினால் புதியதும் விரைவில் காறும். காறல் வாடை வந்த நெய்யை மறுபடி காய்ச்சி விற்பவர்கள் உண்டு. வாடை ஓரளவு போகும், கெட்டது சரியாகாது. அதை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நெய்யானாலும் இதயநோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

மீன், முட்டை சமைக்கும்போதும் கவனம் தேவை. கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாதுதான். ஆனால் பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் மீனையோ முட்டையையோ பொரித்தால், அவற்றில் உள்ள கொலஸ்ட்ரால் வேகமாகக் கெடுகிறது. முட்டையை வேகவைத்தோ, மீனைக் குழம்பாக வைத்தோ சாப்பிட்டால் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. கருவாட்டை வெயிலில் காய்ந்த பிறகும் திறந்து போட்டு வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைத்து, சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.