மோட்டார் காரின் முதுமை

மோட்டார் கார் ஒன்று பத்து வருஷத்தைத் தாண்டியதும் அதன் சொந்தக்காரருக்கு இருவிதமான ஆலோசனைகள் வந்து சேரும். பழக்கமான மெக்கானிக், "இன்னும் பத்து வருஷம் ஓடும் சார், இந்தத் தகடு இப்போது வருகிற வண்டியில் ஏது?" என்பார், அண்டை வீட்டுக்காரரோ, பட்டறைக்கு அழுகிற பணத்தை மாதத் தவணையாகக் கட்டினால் புது வண்டியே வாசலில் நிற்குமே என்பார். இருவர் பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இருவரும் வண்டிக்கு ஒரே வயதுதான் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள். ஆயிரக்கணக்கான உறுப்புகள் சேர்ந்த அந்த யந்திரத்தில் சில ஓடுவதால் தேய்கின்றன, சில ஓடாமல் நிற்பதால் கெடுகின்றன, சில வெறுமனே காலம் கழிவதாலேயே ஜீரணமாகின்றன. இவற்றுள் மாற்றக்கூடியது எது, மாற்ற இயலாதது எது என்று பிரித்தறிந்துகொண்டால், வண்டியை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது என்ற கேள்வியின் சிக்கல் பெருமளவு அவிழ்ந்துவிடும்.

முதலில் இன்ஜினைப் பார்ப்போம். ஏனெனில் வண்டியின் ஆயுளே அதுதான் என்பது பொதுவான அபிப்பிராயம். சிலிண்டருக்குள் பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடும்போது, அதைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, உலோகம் உலோகத்தோடு நேரே உராயாதபடி காக்கிறது. அந்தப் படலம் நன்றாக நிலைத்திருக்கும்வரை தேய்மானம் சொற்பமே. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும் முதல் சில கணங்களில் எண்ணெய் வடிந்து போயிருப்பதால் உராய்வு அதிகம். அன்றியும், இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தப்படும் வண்டியில் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயோடு கலந்து அதன் சாரத்தைக் குறைத்துவிடும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்து, மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டரே காட்டும் காரின் இன்ஜின், நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய டாக்ஸியின் இன்ஜினைவிட மோசமான நிலையில் இருப்பது இதனால்தான் சாத்தியமாகிறது.

அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வசித்த இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர், 1966-ஆம் வருஷம் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-ல் முப்பது லட்சம் மைல் என்ற எல்லைக்குக் கொண்டு சேர்த்தார். ஒரே சொந்தக்காரர் ஒரே காரை அதிக தூரம் ஓட்டியதற்கான கின்னஸ் சாதனை அவருடையது. அதற்கு அவர் சொன்ன காரணத்தில் மந்திரம் ஒன்றுமில்லை: கிரமம் தவறாத ஆயில் சேஞ்ச், தயாரிப்பாளர் புத்தகத்தில் சொன்னபடி பராமரிப்பு, நீண்ட பிரயாணங்கள். கெட்டுப்போன இன்ஜினையும் பிரித்து, சிலிண்டரை ரீபோர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு மறுபடி ஓடவைக்கலாம். இன்ஜின் தன் நோயை வெளிப்படையாகச் சொல்லியும் விடும்: சைலன்சரில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது, கரும்புகை வந்தால் எரிபொருள் மிதமிஞ்சிப் போகிறது. ஆகவே இன்ஜின் செலவு வைக்குமே தவிர, வண்டியின் ஆயுளை நிர்ணயிப்பது அது அன்று.

இரண்டாவது வகை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும் பொருள்கள். ரப்பர் வெயிலாலும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவாலும் நெகிழ்ச்சி இழந்து வெடிக்கிறது. டயர், ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், கதவைச் சுற்றிய பீடிங் யாவும் இந்த விதிக்கு உட்பட்டவை. டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். தடம் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்புவோர் அந்த எண்களையும் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. பிரேக் ஆயிலின் கதை இன்னும் நுட்பமானது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ள திரவம். டாட் 4 என்ற தரமுடையது புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட்வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதித்துள்ள அளவு 155 டிகிரியே. கொல்லிமலையிலோ உதகையிலோ இறங்கும்போது பிரேக் சூடேறி, பழைய திரவம் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றினால், பெடல் வழுக்கென்று கீழே போகும், வண்டி நிற்காது. சில இன்ஜின்களில் உள்ள ரப்பர் டைமிங் பெல்ட்டும் இப்படித்தான்: முன்னறிவிப்பின்றி அறுந்து, பிஸ்டன் வால்வுகளை மோதி இன்ஜினையே நாசமாக்கிவிடக் கூடும். ஆனால் இவையெல்லாம் உரிய காலத்தில் மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயங்கள். இவற்றை வண்டியின் முதுமை என்று சொல்வதைவிடச் சொந்தக்காரரின் அசட்டை என்று சொல்வதே பொருந்தும்.

மூன்றாவதாகிய துருவே உண்மையான முதுமை. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடுமிடத்தில் நுண்ணிய மின்ரசாயன வினை நிகழ்ந்து உலோகம் ஆக்ஸைடாகிறது. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அந்த வினை துரிதமடைகிறது. பெசன்ட் நகரிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றில் நிற்கும் கார், கோயம்புத்தூரில் நிற்கும் அதே வயதுக் காரைவிட முன்னதாக உளுத்துப்போவதன் காரணம் இதுவே. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மேலே உள்ள பெயின்ட்டைக் கொப்புளமாக எழுப்புகிறது; கண்ணுக்குக் கொப்புளம் தெரியும்போது உள்ளே சேதம் வெகுதூரம் பரவியிருக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. லாரியைப் போல் தனிச் சட்டத்தின்மேல் கூண்டை வைத்துக் கட்டும் முறை சாதாரணக் கார்களில் வழக்கொழிந்து வெகுகாலமாகிறது. தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கிய கூடே காரின் முதுகெலும்பும் விலா எலும்புமாக நின்று சக்கரங்களையும் இன்ஜினையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, தரைத் தகடு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் ஆகியவை உளுத்துவிட்டால், டிங்கர் தகடு வைத்து ஒட்டிப் பெயின்ட் அடித்து அழகாக்கலாம். மோதலின்போது உயிரைக் காக்கும் பலத்தை அப்படி மீட்பது எளிதன்று. ஆகவே கார் ஒன்றுக்கு ஒரே வயதைச் சொல்லியாக வேண்டுமானால், அது அதன் கூட்டின் வயதே.

இதற்கு அடுத்தபடியாக உதிரிபாகங்களின் ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. செவர்லே கார்களின் இந்திய விற்பனை 2017-ஆம் வருஷ இறுதியில் நின்றது. மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. இப்படித் தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கும் பிரேக் பேடும் ஃபில்டரும் பல காலம் கிடைத்துக்கொண்டிருக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கதவும் கண்ணாடியும்கூட அகப்படும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றைத் தேடும்போதுதான் சிரமம் தெரியும்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். புதுக் காரின் மதிப்பு முதல் வருஷங்களிலேயே செங்குத்தாக இறங்குகிறது. இன்ஷூரன்ஸுக்காக வண்டி மதிப்பைக் கணிக்கும் அட்டவணையே ஒரு வருஷம் முடிவதற்குள் 15 சதவீதத்தையும், ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதத்தையும் கழிக்கிறது. அதற்குப் பின் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. ரிப்பேர்ச் செலவோ எதிர்த்திசையில் போகிறது: தொடக்கத்தில் தயாரிப்புக் குறைகளால் சிறிது தொல்லை, நடுவே நீண்ட அமைதி, இறுதியில் மறுபடியும் ஏற்றம். ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதால், மதிப்பு இறக்கத்தையும் ரிப்பேரையும் கூட்டி வருஷங்களால் வகுத்து வரும் சராசரி ஆண்டுச் செலவு ஒரு கட்டம்வரை குறைந்துவந்து பின் உயரத் தொடங்கும். எந்த வருஷத்துச் செலவு அதுவரையுள்ள சராசரியை மிஞ்சுகிறதோ, அங்கேதான் யந்திரத்தை மாற்றவேண்டிய இடம் என்பது தொழிற்சாலை நிர்வாகத்தில் நன்கு அறிந்த சூத்திரம்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார், ஐந்து வருஷ முடிவில் நான்கு லட்சம் பெறும். அதுவரை ரிப்பேர் ஒரு லட்சம். ஆக வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவு. பத்தாம் வருஷ முடிவில் விலை இரண்டு லட்சம், மொத்த ரிப்பேர் இரண்டரை லட்சம் என்றால் சராசரி 85,000. பதினைந்தாம் வருஷ முடிவில் விலை 75,000, மொத்த ரிப்பேர் ஐந்து லட்சம் என்றால் சராசரி ஏறத்தாழ 81,700. பதினாறாம் வருஷத்தில் ரிப்பேர் 60,000, விலை இறக்கம் 15,000, ஆக 75,000. சராசரிக்கு உள்ளேயே இருப்பதால் வைத்துக்கொள்வதே லாபம். பதினேழாம் வருஷத்தில் ரிப்பேர் 90,000, விலை இறக்கம் 10,000 என்று மதிப்பிட்டால் ஒரு லட்சமாகிறது, அப்போது விடைகொடுக்கலாம்.

இதிலும் அவசரம் கூடாது. அந்தத் தொண்ணூறாயிரத்தில் அறுபதாயிரம் இன்ஜின் வேலைக்காக இருந்து, அந்த வேலை ஐந்து வருஷம் தாங்குமானால், அதை ஐந்தாகப் பங்கிட்டு 12,000 என்றே அந்த வருஷத்தில் எழுத வேண்டும். உடனே மொத்தம் 52,000 ஆகக் குறைந்து, வண்டியை வைத்துக்கொள்வதே நியாயமாகிவிடும். "வண்டியே எழுபதாயிரம் பெறாது, அதற்கு அறுபதாயிரம் செலவா?" என்ற கேள்வி பட்டறை வாசலில் அடிக்கடி கேட்பது, அது ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிடுகிறது. வண்டி இனித் தரப்போகும் வருஷங்களுக்கு ஆகும் செலவையும், வேறொரு வண்டி அதே வருஷங்களுக்குக் கேட்கும் செலவையும் ஒப்பிடுவதே முறை. போன வருஷந்தானே கிளட்ச் மாற்றினோம், அந்தப் பணம் வீணாகலாமா என்று வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே தவற்றின் மறுபக்கம்; செலவழிந்த பணம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் புதியது 20-உம் தருமானால், வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 200 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் இருபதாயிரம். மூவாயிரம் கிலோமீட்டரே ஓடுபவருக்கு ஐயாயிரந்தான். அதற்காகப் புது வண்டி வாங்குவது லாபமாகாது. ரூபாயில் அடங்காத ஒன்றும் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், ஓட்டுநருக்கான ஏர்பேக் ஆகியவை நம் நாட்டில் 2019-ல்தான் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயின. குடும்பத்தோடு இரவில் நெடுஞ்சாலையில் அடிக்கடி பிரயாணம் செய்பவர், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

சட்டமும் ஒரு வயதைச் சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும், பின்னர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கப்பட்டது. டில்லி வட்டாரத்தில் பத்து வருஷத்து டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து வருஷத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கும் விதித்த தடையைச் சுப்ரீம் கோர்ட் 2018-ல் உறுதி செய்தது. அந்த வழக்கு அதன்பின்னும் பல திருப்பங்கள் கண்டது. பம்பாய் டாக்ஸிகளுக்கு 20 வருஷ வரம்பு இருந்தபடியால், 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பிரீமியர் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு தெருவை விட்டு விலகிற்று. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படிப்பட்ட வயதுத் தடை இல்லாமையால், தீர்மானிக்கும் பொறுப்பு சொந்தக்காரர் தலையிலேயே விழுகிறது.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நினைப்பவர் வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பாகத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் செய்து, சந்தேகமான இடங்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திச் சோதிக்க வேண்டும். தகடு உள்வாங்கினால், அதுவும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் உள்வாங்கினால், மேற்கொண்டு லாபநஷ்டக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை. அந்த வண்டியின் காலம் முடிந்தது. கூடு உறுதியாக இருந்தால் மட்டுமே செலவுநோட்டைத் திறந்து மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்பது அர்த்தமுள்ளதாகும். அப்போது பெரும்பாலான கார்கள், அண்டை வீட்டுக்காரர் கருதியதைவிட அதிக காலமும், மெக்கானிக் வாக்களித்ததைவிடக் குறைந்த காலமும் வைத்திருக்கத் தக்கவை என்று தெரியவரும்.

கூடு உளுத்த வண்டியைப் புதுப் பெயின்ட்டால் மூடி, விவரமறியாத ஒருவருக்குச் சகாய விலையில் தள்ளிவிடுவது எளிது. தமக்கு அபாயமென்று தெரிந்ததைப் பிறர் தலையில் கட்டுவது தர்மமன்று. அரசாங்கத்தில் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் அதை ஒப்படைத்தால் இரும்புக்குரிய விலையோடு ஒரு சான்றிதழும் கிடைக்கும். 2021-ல் வகுத்த மத்திய விதி, அதைக் காட்டி வாங்கும் புதிய சொந்தக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மாநிலங்களுக்கு இடமளிக்கிறது. நன்றாக உழைத்த யந்திரத்தை நேர்மையாக ஓய்வுபெறச் செய்வதும் அதை வைத்திருக்கும் காலத்தைப் பற்றிய தீர்மானத்தின் ஒரு பகுதியேயாகும்.