வழிகள் பல, தேர்வு ஒன்று

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள அமராவதிபுதூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காரைக்குடி வரை பேருந்தில் சென்று, அங்கே வேறொரு பேருந்தில் ஏறலாம். அல்லது புதுக்கோட்டை வழியாகச் செல்லும் ரயிலைப் பிடிக்கலாம். இவற்றுள் எதனை அவர் தேர்வார்? இதனை முன்கூட்டிக் கணிக்க முயலும் கலையையே இன்று காண்போம்.

முதற்படி, வரைபடம். நிலையங்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் குறிக்கிறோம். இதில் காரைக்குடி ஒரே புள்ளியன்று. பேருந்து நிலையம் ஒரு புள்ளி. ரயில் நிலையம் மற்றொன்று. இடையே மூட்டையைச் சுமந்து கடக்கும் தொலைவும் ஒரு கோடே. அதனை வரைய மறந்தால் கணக்குப் பிழைபடும். இத்தகைய வலையில் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையொன்றை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார்.

ஆனால், குறுகிய வழி என்பதை எதனால் அளப்பது? மைலாலா, மணியாலா, பணத்தாலா? மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். கட்டணத்தைச் சற்றே ஒதுக்கி, ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். பேருந்து வழியில் ஓடும் நேரம் 150 நிமிடம், காத்திருப்பு 20. ரயில் வழியில் ஓடும் நேரம் 120, காத்திருப்பு 40. கூட்டினால் பேருந்துக்கு 170, ரயிலுக்கு 160, ரயிலே மேல். எனினும் வெயிலில் நிற்கும் நிமிடம், இருக்கையில் அமர்ந்து செல்லும் நிமிடத்தைவிட நீண்டதாகத் தோன்றுமன்றோ? காத்திருப்பை இருமடங்காகக் கொண்டால் பேருந்துக்கு 190, ரயிலுக்கு 200. முடிவு தலைகீழாயிற்று!

எல்லோரும் ஒரே வழியைத் தேர்வதுமில்லை. ஒருவர் விரைவை நாடுவார். மற்றொருவர் சிக்கனத்தை நாடுவார். ஆதலின் ஒவ்வொரு வழிக்கும் எத்தனை பங்கினர் செல்வர் என்றே கணிக்க வேண்டும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டேனியல் மக்ஃபேடன் இம்முறையை வளர்த்தார். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972-இல் தொடங்கிய புதிய ரயிலை நூற்றுக்கு 6.3 பேர் பயன்படுத்துவர் என அவர் குழுவினர் கணித்தனர், கண்டது 6.2. இத்துறைப் பணிக்காக 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் நோக்குவோம். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அவர்தம் கணக்கில் கட்டணம் சுழியாயிற்று, காத்திருப்போ சுழியாகவில்லை.

இக்கணக்கில் ஓர் அபாயமும் உண்டு. எண்ணுவோர், வண்டியில் ஏறியவர்களையே எண்ணுவர். மாலையில் வீடு திரும்ப வண்டியில்லாமையால் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யாத சிற்றூர்ப் பெண், அந்த எண்ணிக்கையில் இடம்பெறார். ‘பயணிகள் குறைவு’ என்று அவ்வழியில் வண்டியைக் குறைத்தால், காத்திருப்பு நீளும். பயணிகள் மேலும் குறைவர். முதலில் கூறிய காரணம் தானே மெய்யாகிவிடும். ஆகவே இத்துறையைக் கற்கப் புகும் மாணவர்கள், சென்றவர் எத்தனை பேர் என்பதோடு, செல்ல விரும்பியும் செல்ல இயலாதவர் எத்தனை பேர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை விடுத்த கணக்கு, எத்துணை நுட்பமாயினும், முழுமை பெறாது.