பழுது பார்க்கும் நேரம்

ஒரு கோரிக்கையை முடிக்க ஒரு சர்வருக்குச் சராசரியாக 0.2 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னுமாக வருகின்றன, ஒவ்வொன்றையும் முடிக்க ஆகும் நேரமும் அப்படியே கூடிக் குறைகிறது. சர்வர் பாதி நேரம் வேலையிலும் பாதி நேரம் சும்மாவும் இருந்தால், வரிசையில் நிற்பதையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 0.4 வினாடியில் பதில் கிடைக்கும். கூட்டம் ஏறி, சர்வருக்கு 90 விழுக்காடு நேரமும் வேலை என்றாகும்போது 2 வினாடி. 95 விழுக்காட்டில் 4 வினாடி. 99 விழுக்காட்டில் 20 வினாடி. கடைசி நான்கு விழுக்காட்டில் மட்டும் காத்திருப்பு ஐந்து மடங்காகிவிடுகிறது. காலையில் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரர்களுக்கு இது கணக்குப் போடாமலே தெரியும். வீட்டிலிருந்து பத்து நிமிடம் பிந்தினால், அக்கரையில் பிந்துவது பத்து நிமிடமாக இருப்பதில்லை.

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் டென்மார்க்கின் அக்னர் குராருப் எர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்பதை ஆராய்ந்து 1909இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் பருவத் தொடக்கத்தில் பாடப் பதிவு திறக்கும் காலையில் நடப்பதும் அதே கணக்குதான். பக்கம் திறக்கவில்லை என்றதும் ஒவ்வொரு மாணவரும் மறுபடி மறுபடி பக்கத்தைப் புதுப்பிக்கிறார். ஒருவரே ஐந்து பேராகி வரிசையில் நிற்கிறார். சர்வர் கெட்டுப்போகவில்லை, அதை 99 விழுக்காட்டுக்குத் தள்ளிவிட்டோம், அவ்வளவுதான். இரண்டாவது சர்வர் வாங்குவது ஒரு வழி. இறுதியாண்டு மாணவருக்கு ஒரு நாள், முதலாண்டுக்கு இன்னொரு நாள் என்று பிரித்துத் திறப்பது செலவில்லாத வழி. இப்படி யோசிப்பதற்கு ஒரு துறையே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மை என்கிறார்கள். கணினி படிக்கும் பல மாணவர்கள் நிரல் எழுதக் கற்ற அளவுக்கு இதைக் கற்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இத்துறையின் பெரிய நூல்தொகுப்பான ‘ஐட்டில்’ 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசின் மத்தியக் கணினி, தொலைத்தொடர்பு முகமையிலிருந்து வந்தது. முதல் பதிப்பு முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக இருந்தது. 2019இல் நான்காம் பதிப்பு வந்தது. இடையில் 2005இல் ஐஎஸ்ஓ 20000 என்ற உலகத் தரநிலையும் பிறந்தது. அத்தனை பக்கங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த கருத்து ஒன்றுதான்: அறுந்துபோன சேவையை உடனே ஒட்டவைப்பது ஒரு வேலை, அது ஏன் அறுந்தது என்று தேடுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்தரை மணி. ஹெல்ப்டெஸ்க்குக்கு அழைப்பு வருகிறது: “அண்ணே, வைஃபை கிடைக்க மாட்டேங்குது.” டெஸ்க்கில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, “உங்களுக்கு மட்டுமா, பக்கத்து அறைக்குமா?” ஒருவருக்கு மட்டும் என்றால் கடவுச்சொல்லாக இருக்கலாம், காத்திருக்கலாம். புளோக் முழுவதும் என்றால் அவசரம். மறுநாள் காலை ஒன்பதுக்கு இணையத் தேர்வு என்றால் பேரவசரம். பாதிப்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்ற இரண்டையும் வைத்துத்தான் டிக்கெட்டுக்கு, அதாவது பதிவான புகாருக்கு, வரிசையில் எந்த இடம் என்பது முடிவாகிறது. யார் சத்தம் போட்டார் என்பதை வைத்து முடிவாகக் கூடாது. பணியாளர் சாதனத்தை அணைத்துப் போடுகிறார், வைஃபை வந்துவிடுகிறது. டிக்கெட் மூடப்படுகிறது.

ஆனால் அடுத்த நாளும் பத்தரைக்கு அதே அழைப்பு. வாரம் முழுக்க வந்த டிக்கெட்டுகளை ஒருவர் அடுக்கிப் பார்த்தால், எல்லாம் இரவிலேயே வந்திருப்பது கண்ணில் படும். அந்த புளோக்குக்கு ஒதுக்கிய பிணைய முகவரிகள் 254. தங்கியிருப்பவர்கள் 120 பேர். ஆளுக்கு ஒரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, அதுவே 240. வெளியிலிருந்து நண்பர்கள் பத்துப் பேர் அதேபோல் இரண்டிரண்டு கருவிகளோடு வந்து உட்கார்ந்தால் முகவரி தீர்ந்தது. அணைத்துப் போட்டதும் பட்டியல் அழிந்து, புதிதாக முகவரி கொடுக்கத் தொடங்குகிறது. அதனால்தான் ‘சரியானது’ போலத் தெரிந்தது. முகவரிகளை இரண்டு மடங்காக்கினால் இனி அந்த அழைப்பே வராது. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஏழு நாள் டிக்கெட்டுகளைச் சேர்த்துப் படிக்க ஆளில்லாததுதான் குறை.

இதைவிட வியப்பான கணக்கு ஒன்று உண்டு. ஒரு சேவை 720 மணி நேரத்துக்கு, அதாவது மாதத்துக்கு, ஒருமுறை விழுகிறது. சரிசெய்ய 4 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் அது கிடைக்கும் நேரம் 99.44 விழுக்காடு. இதை 99.86 ஆக்க வேண்டும். ஒரு வழி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே விழுகிற அளவுக்கு உறுதியான கருவிகளை வாங்குவது. இன்னொரு வழி, அதே பழைய கருவியை வைத்துக்கொண்டு, 4 மணி நேரப் பழுதை 1 மணி நேரத்தில் முடிப்பது. இரண்டும் ஒரே எண்ணைத்தான் தருகின்றன. முதல் வழிக்குப் பணம் வேண்டும். இரண்டாவதுக்கு யாரை எழுப்புவது, எந்தக் கோப்பைப் பார்ப்பது, எப்போது மேலே சொல்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த தாளும் பழகிய மனிதர்களும் போதும். பணம் குறைந்த கல்வி நிலையத்துக்கு இதைவிட நல்ல செய்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சில பழுதுகளை நாமே வரவழைக்கிறோம். 2024 ஜூலை 19ஆம் நாள் மலேசிய நேரம் நண்பகல் 12:09க்கு கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இங்கே கேடிஎம் ரயில் டிக்கெட் விற்பனையும் ஏர்ஏசியாவின் பயணப் பதிவும் தடுமாறின. தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. இயங்கிக்கொண்டிருந்த அமைப்பில் யாரோ செய்த மாற்றமே பல பெரிய முடக்கங்களுக்குக் காரணம். தம் அனுபவத்தில் முடக்கங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு அப்படிப்பட்டவை என்று கூகுள் பொறியாளர்கள் 2016இல் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மாற்றாமல் முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று விரிப்பதே பாதுகாப்பு.

ஜொகூரில் சேவை மேலாண்மை ஏட்டுப் பாடமாக நின்றுவிட முடியாது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்த பிறகு, அலை இக்கரைக்கு வந்தது. கூலாயில் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் எஸ்டேட்டில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுகிறது. அதன் திட்ட அளவு 500 மெகாவாட். செடனாக்கிலும் தரவு மையங்கள் எழுகின்றன. தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாசல் காவலோடு நின்றுவிடாமல், இரவுப் பணியில் அலாரத்தைப் படித்து முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மையமாகத் தொடங்கியது. செய்து கற்பது அதன் பிறப்பிலேயே உள்ளது. சேவை மேலாண்மைக்கும் அதுதான் வேண்டும், தேர்வு மட்டும் போதாது. ஐட்டில் அடிப்படைத் தேர்வு 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி. வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு அது கடினமில்லை. அழைப்பு வரும் நேரத்தில் குரல் நடுங்காமல் இருக்க அது கற்றுத்தராது. நெதர்லாந்தின் கேமிங்வொர்க்ஸ் நிறுவனம் இதற்காக 1970இன் அப்பல்லோ 13 பயணத்தையே விளையாட்டாக்கியது. மாணவர்கள் தரைக்கட்டுப்பாட்டுக் குழுவாக உட்காருவார்கள். விண்கலத்தில் கோளாறுகள் வந்தபடி இருக்கும். முதல் சுற்றில் சொதப்பி, ஏன் சொதப்பினோம் என்று பேசி, வேலைமுறையை மாற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

விளையாட்டைவிட நல்ல ஆய்வுக்கூடம் வளாகத்திலேயே இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க மாணவர்களை ஹெல்ப்டெஸ்க்கில் மதிப்பெண்ணோடு உட்காரவைக்கலாம். முதல் மாதம் அழைப்பை எடுத்து டிக்கெட் எழுதட்டும். இரண்டாம் மாதம் சென்ற பருவத்து டிக்கெட்டுகளை அடுக்கி, திரும்பத் திரும்ப வரும் மூன்றைப் பிடித்துக் காரணம் கண்டுபிடிக்கட்டும். மூன்றாம் மாதம் அடுத்த பாடப் பதிவுக்கான திட்டத்தைத் தயாரிக்கட்டும்: எந்த ஆண்டு மாணவருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு யார் விழித்திருப்பது, விழுந்தால் முதல் பத்து நிமிடத்தில் மாணவர்களுக்கு என்ன குறுஞ்செய்தி போவது. பதிவு நாளன்று அந்தத் திட்டத்தை எழுதியவர்களே பணியில் இருக்கட்டும்.