ஓவரை ஏன் எண்ணுகிறார்கள்?

2011 ஏப்ரலில் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க டெஸ்ட் போட்டிகளிலிருந்து விலகினார். வலது முழங்கால் தேய்ந்திருந்தது. 30 டெஸ்ட், 101 விக்கெட், அத்தோடு சரி. ஒரு வீச்சாளருக்கு ஒருநாள் போட்டியில் 10 ஓவர், டி20இல் 4 ஓவர் என வரம்பு உண்டு. டெஸ்டில் அது கிடையாது.

வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில், உடல் எடையின் ஐந்து மடங்குக்கும் மேலான விசை ஏறும். கூடவே இடுப்பு முறுகும். கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய கீறல் விழலாம். உடல் பழுதான எலும்பை முதலில் கரைக்கும். புதிதாகக் கட்ட மாதங்கள் எடுக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். ஆகவே வலி உடனே வராது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரங்களில் காயம் கூடியதை அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2009இல் காட்டியது.

வீச்சாளரின் சுமையைக் கணக்கிடுவது எளிது. பொரளை ஓவலில் 90 நிமிடப் பயிற்சி என்று வையுங்கள். களைப்பு பத்துக்கு எத்தனை என்று வீரரைக் கேட்பார்கள். 7 என்றால் சுமை 90 × 7 = 630. இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதத்தை ஆய்வாளர் பலர் இன்று சந்தேகிக்கிறார்கள். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் திடீர் ஏற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன் பாடசாலைக்கும் கழகத்துக்கும் ஒரே வாரத்தில் வீசினால், இரண்டு பயிற்றுநர்களும் தத்தம் ஓவரை மட்டுமே எண்ணுவார்கள். வலைப்பயிற்சிப் பந்துகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டியது வீட்டார்தான்.