'நெய்கெ... நெய்கெ...': சொல் கிடைக்கும்வரை வரும் ஒலி

உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் சீன மூதாட்டி கடைக்காரரிடம் மாண்டரினில் ஏதோ கேட்கிறார். உங்களுக்கு மாண்டரின் தெரியாது. ஆனாலும் ஓர் ஒலி மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "நெய்கெ... நெய்கெ..."

அவர் கை எதையும் சுட்டவில்லை. கண்கள் மட்டும் மேலே பார்க்கின்றன. சட்டென்று முகம் மலர்ந்து ஒரு பெயரைச் சொல்கிறார். கடைக்காரரும் தலையசைத்துவிட்டு உணவை எடுத்து வைக்கிறார்.

'நெய்கெ' என்பது அந்த உணவின் பெயரா? இல்லை. பெயர் நினைவுக்கு வரும்வரை அதன் இடத்தைப் பிடித்து வைத்திருந்த ஒலி அது. இதைத் 'தயக்க ஒலி' எனலாம். மாணவர்களே, பேச்சில் ஏற்படும் தடுமாற்றம் போலத் தோன்றும் இந்தச் சிறு ஒலிக்குப் பின்னால் மூளையின் பெரிய வேலை ஒன்று நடக்கிறது.

சுட்டுச்சொல்லின் இன்னொரு வேலை

மாண்டரினில் 'நா' என்றால் 'அந்த'. 'கெ' என்பது பொருள்களை எண்ணும்போதும் சுட்டும்போதும் சேர்க்கப்படும் அளவைச் சொல். இரண்டும் சேர்ந்தால் 'நாகெ', அதாவது 'அந்த ஒன்று'. பேச்சு வழக்கில் 'நா' என்பதோடு 'ஒன்று' எனப் பொருள்படும் 'யீ' கலந்து 'நெய்' ஆனது. ஆகவே பலருடைய பேச்சில் அது 'நெய்கெ' என்றே ஒலிக்கிறது. 'இந்த ஒன்று' எனப் பொருள்படும் 'ஜெகெ'யும் தயங்கும்போது வருவதுண்டு.

தமிழ் இலக்கணத்தில் சுட்டெழுத்துகளைப் படித்திருப்பீர்கள். 'அது', 'இது' போன்ற சொற்கள் ஒரு பொருளைச் சுட்டிக் காட்டுகின்றன. மாண்டரின் பேசுபவர் தயங்கும்போது சுட்டுவது கண்ணெதிரே உள்ள பொருளை அல்ல. மனத்தில் உள்ள பொருளை. பொருள் மனத்துக்கு வந்துவிட்டது. பெயர்தான் இன்னும் நாவுக்கு வரவில்லை.

நாமும் அப்படித்தான் செய்கிறோம். பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்டால், "அது... அது வந்து..." என்று இழுக்கிறோம். அங்கே 'அது' எந்தப் பொருளையும் காட்டவில்லை. 'வந்து' என்பதற்கும் வருவதற்கும் தொடர்பில்லை. தமிழும் சீனமும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆனாலும் தயங்கும்போது இரண்டும் சுட்டுச்சொல்லையே நாடுகின்றன.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம்?

சொல் கிடைக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டால் என்ன? நேரக் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

உரையாடலில் ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் தொடங்கும்வரை உள்ள இடைவெளி பெரும்பாலும் சுமார் 0.2 விநாடிதான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்க நமக்குச் சுமார் 0.6 விநாடி ஆகிறது. அதற்குள் மூளை பொருளை அடையாளம் காண வேண்டும். சொல்லைத் தேட வேண்டும். அதன் ஒலிகளை வரிசைப்படுத்த வேண்டும். நாக்குக்கும் உதடுகளுக்கும் கட்டளை அனுப்ப வேண்டும்.

சொல் கிடைக்கத் தாமதமாகும்போது நீங்கள் மௌனமானால், பேசி முடித்துவிட்டீர்கள் என்று நினைத்து அடுத்தவர் தொடங்கிவிடக்கூடும். "பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை" என்று சொல்லாமல் சொல்வதே தயக்க ஒலியின் வேலை.

கேட்பவருக்கும் அதனால் பயன் உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தனர். திரையில் தெரிந்த பொருள் ஒன்றும் தெரியாத பொருள் ஒன்றும் காட்டப்பட்டன. பேசுபவர் 'அ...' என்று தயங்கியதும், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் தெரியாத பொருளை நோக்கினர். தயக்கம் வந்தால் அடுத்து வருவது புதியது என்பதை அந்த வயதிலேயே கற்றிருந்தனர்!

கிளைமொழிக்கு ஒரு தயக்கம்

மாண்டரினில் சுட்டுச்சொற்கள் மட்டுமல்ல, பொருளற்ற ஒலிகளும் தயங்கப் பயன்படுகின்றன. வாயைச் சற்றே திறந்தபடி 'எ...' என்பார்கள், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்...' என்பார்கள். மாண்டரின் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இவ்விரு வகைகளையும் பதிவு செய்தது. 'நெய்கெ' சுட்டுச்சொல் என்பதால் பெயர்ச்சொல்லைத் தேடும் இடத்தில் அது இயல்பாகப் பொருந்துகிறது.

நம் வட்டாரத்தில் சீனர்கள் மாண்டரின் மட்டும் பேசுவதில்லை. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கேண்டனீஸ் பேசுவோர் பலர். அவர்கள் 'ஜிக்ஹை...' என்று இழுப்பதைக் கேட்கலாம். அதன் நேர்ப்பொருள் 'அதாவது'. பினாங்கில் ஒலிக்கும் ஹொக்கியனில் 'ஹிட்லே...' என்பது 'அந்த ஒன்று'.

ஆக, தயக்க ஒலி தானாக வாயில் வந்து விழும் சத்தம் அல்ல. தாய்மொழியோடு சேர்த்து நாம் கற்றுக்கொள்ளும் ஒன்று அது.

ஒரு வகுப்பில் நடந்தது

இது தெரியாததால் சிக்கலும் எழுந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்திறன் பாடம் இணையம்வழி நடந்தது. வெவ்வேறு நாடுகளின் தயக்கச் சொற்களை விளக்கிய பேராசிரியர், சீனாவில் பலர் 'நெய்கெ, நெய்கெ' என்பார்கள் என்று சொல்லிக் காட்டினார். அந்த ஒலி, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போல மாணவர் சிலரின் காதில் விழுந்தது. மனம் புண்பட்ட அவர்கள் புகார் செய்தனர். அந்தப் பாடம் வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பேராசிரியருக்கு ஆதரவாகச் சீன வம்சாவளி முன்னாள் மாணவர்கள் பலர் குரல் கொடுத்தனர். அவர் விதிமுறை எதையும் மீறவில்லை என்று பல்கலைக்கழகம் பின்னர் முடிவு செய்தது.

மாணவர்களின் வேதனை பொய்யல்ல. 'நெய்கெ' என்ற சொல்லிலும் குற்றமில்லை. நம் மூளை புதிய ஒலியைக் கேட்டதும், தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களில் எது அதற்கு நெருக்கமானது என்றுதான் முதலில் தேடும். தவறான சொல் அகப்பட்டால் வீண் கோபமோ கேலியோ பிறக்கும். பல மொழிகள் ஒலிக்கும் மின்தூக்கியிலும் பேருந்திலும் தினமும் பயணம் செய்யும் நாம், "இவருடைய மொழியில் இதற்கு என்ன பொருள்?" என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

வெவ்வேறு மொழி பேசும் நண்பர்கள் மூவரிடம், அவர்கள் சம்மதத்துடன், ஒரு படத்தைக் காட்டுங்கள். அதைப் பற்றி ஒரு நிமிடம் தாய்மொழியில் பேசச் சொல்லுங்கள். எத்தனை முறை தயங்கினார்கள், என்ன ஒலி வந்தது, அடுத்து வந்தது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று அவர்களிடமே கேட்டு அட்டவணையில் குறியுங்கள். பிறகு உங்கள் தமிழையும் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். எத்தனை 'அது வந்து' வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!