மலை மறிக்கும் குரல்

கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. வோக்கி டோக்கியின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் செல்லும். குன்று குறுக்கிட்டால் பேச்சு அறுந்துவிடும். அக்கருவியின் வலுவும் சில வாட் மட்டுமே. ஹந்தானை மலையில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பதும் இதனால்தான். இப்படியோர் உயரத்தில் மறுபரப்பி இருந்தால், பள்ளத்துக் குரலை வாங்கி, வலுவூட்டி, மலைக்கு அப்பாலும் அனுப்பும்.

பழைய வோக்கி டோக்கி முறையில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி அலைவரிசை. ஒன்றில் நெரிசல் இருக்க, பக்கத்திலுள்ளது சும்மா கிடக்கும். ட்ரங்கிங் முறை, ஒரே வரிசையில் நிற்பவர்களைக் காலியாகும் கருமபீடத்துக்கு அனுப்பும் தபால் கந்தோரைப் போன்றது. பொத்தானை அழுத்தியதும் கருவி கட்டுப்பாட்டு அலைவரிசையில் இடம் கேட்கும். கணினி காலியான ஒன்றை ஒதுக்கும். அக்குழுவின் கருவிகள் எல்லாம் கணத்தில் அதற்குத் தாவும். ஐரோப்பாவில் உருவான டெட்ரா என்னும் ட்ரங்கிங் முறை, 25 கிலோஹேர்ட்ஸ் அகலமான அலைவரிசையை 4 நேரத்துண்டுகளாகப் பகிர்கிறது.

கோபுரங்களை நுண்ணலையாலோ கண்ணாடி இழையாலோ இணைத்தால், கம்பளையில் பேசுவது கட்டுகஸ்தோட்டையில் கேட்கும். எசல பெரஹரா இரவின் சனத்திரளில் அம்பியுலன்ஸுக்கு வழி வேண்டுமா? அவசர அழைப்புக்கு முதலிடம் கொடுப்பது இம்முறையின் பெரும் பயன்களில் ஒன்று.